வெண்குருதிக் கலங்களின் வாங்கிகள்: உடல் அவற்றைக் கூட்டுவதும் குறைப்பதும்

வெண்குருதிக் கலம் ஒரு கிருமியை அறிந்துகொள்வது வாங்கிகள் எனப்படும் புரதங்களால். இவற்றுள் சில கலத்தின் மேற்பரப்பில் இருக்கும். சில கலத்தின் உள்ளே, விழுங்கப்பட்ட பொருள்கள் வந்துசேரும் நுண்பைகளின் சுவரில் இருக்கும். பக்டீரியாவின் சுவர்த் துண்டு, வைரசின் ஆர்என்ஏ, பிறபொருளெதிரி ஒட்டிய துணிக்கை என ஒவ்வொன்றையும் பற்றிக்கொள்ள வெவ்வேறு வாங்கிகள் உண்டு. உரிய வாங்கி இல்லாத கலம், கிருமி தன்மேல் வந்து மோதினாலும் அதை உணராது. வாங்கிகள் மிகுந்த கலமோ சிறிதளவு கிருமிக்கும் பெரிதாகக் கிளர்ந்தெழும். எந்தக் கலம், எந்த வாங்கியை, எப்போது, எவ்வளவு ஆக்குகிறது என்பதில்தான் நிர்ப்பீடனத்தின் பலமும் ஆபத்தும் அடங்கியுள்ளன.

மனிதரிடம் புரதங்களுக்கான பரம்பரை அலகுகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. தோல், ஈரல், குருதி என எங்கிருந்து எடுத்தாலும், கருவுள்ள கலம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இதே தொகுதிதான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கலங்களும் எல்லா அலகுகளையும் வாசிப்பதில்லை. ஓர் அலகு வாசிக்கப்பட்டு, தூதர் ஆர்என்ஏ ஆகப் பிரதியெடுக்கப்பட்டு, அதன்படி புரதம் ஆக்கப்படுவதே பரம்பரை அலகின் வெளிப்பாடு எனப்படுகிறது. வெண்குருதிக் கலம் தன் வாங்கிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்த வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவதன் மூலமே.

கண்டியும் டெங்குவும்

இந்தக் கட்டுப்பாடு மனித உயிரோடு எவ்வளவு நெருங்கியது என்பதைக் கண்டி மாவட்டத்தில் டெங்கு காட்டுகிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டெங்கு நுளம்புக்கு அந்த உயரம் தடையாகவில்லை. இலங்கையில் டெங்கு 1962இல் குருதிப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டு நாடு முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று 340க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. 2017இல் நோயாளர் தொகை 186,000ஐக் கடந்தது.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும், பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும், பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும் டெங்கு நோயாளரின் குருதி திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுகிறது. வளர்ந்தவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை வெண்குருதிக் கலங்கள் இருக்கும். டெங்குவில் பலருக்கு இது 4,000க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதைத் தொடர்ந்து குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கினால், பிசிவி என்று வைத்தியசாலைகளில் சொல்லப்படும் செங்குருதிக் கலங்களின் விகிதம் ஏறுகிறது.

ஒரே வீட்டில் ஒரே பருவத்தில் இருவருக்கு டெங்கு வந்து, ஒருவர் சாதாரணக் காய்ச்சலோடு தேறுவதும், மற்றவர் திரவக் கசிவால் அபாய நிலைக்குப் போவதும் உண்டு. வைரசின் வகை, வயது, முன்பு டெங்கு வந்திருந்ததா என்பன இதற்குக் காரணமாகின்றன. முன்பு வந்த டெங்கு இரண்டாம் முறை ஏன் ஆபத்தை ஏற்படுத்தக்கூடும் என்ற கேள்விக்கு விடை தேடினால், அது வெண்குருதிக் கலங்களின் வாங்கிகளுக்கே கொண்டுசெல்கிறது. அதற்கு முன்னர், வாங்கிகளின் அளவு எப்படி முடிவாகிறது என்பதை அறிய வேண்டும்.

கலத்துக்குக் கலம் வேறுபாடு

வெண்குருதிக் கலங்கள் பல வகைப்படும். நடுநிலைநாடிகள் எண்ணிக்கையில் மிகுந்தவை. பக்டீரியாவை விழுங்கி அழிப்பவை. ஒற்றைக்குழியங்கள் குருதியில் சுற்றி, இழையங்களுக்குள் புகுந்து பெருந்தின்கலங்களாக மாறுபவை. நிணநீர்க்குழியங்களுள் பி-கலங்கள் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றன. டி-கலங்கள் தொற்றுற்ற கலங்களைக் கண்டறிந்து அழிக்கவும் பிற கலங்களை வழிநடத்தவும் செய்கின்றன. இவை எல்லாம் எலும்பு மச்சையில் உள்ள ஒரே வகை மூலக்கலத்திலிருந்து பிறந்தவை.

ஒரே மூலத்திலிருந்து பிறந்தும் இவை வேறுபடுவதற்குக் காரணம், பிரதியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள். ஒவ்வொரு பரம்பரை அலகுக்கும் முன்னால், பிரதியெடுப்புத் தொடங்குவதற்கான டிஎன்ஏ பகுதி ஒன்று இருக்கிறது. இது தொடக்கப் பகுதி. வெளிப்பாட்டை மேலும் உயர்த்தும் தூண்டற் பகுதிகள் சற்றுத் தொலைவிலும் இருக்கலாம். பிரதியெடுப்புக் காரணி இந்த இடங்களில் ஒட்டிக்கொண்டால்தான் அலகு வாசிக்கப்படும். பியூ.1 என்னும் காரணி மிகுந்த கலம் ஒற்றைக்குழியமாகவோ நடுநிலைநாடியாகவோ வளர்கிறது. அவற்றுக்குரிய வாங்கிகளின் அலகுகளைத் திறப்பதும் அதே காரணிதான்.

திறப்பதைப் போலவே மூடுவதும் முக்கியம். ஒரு கலத்தில் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றிச் சுருட்டப்பட்டிருக்கிறது. இறுகச் சுருண்ட பகுதியை எந்தக் காரணியாலும் எளிதில் அணுக முடியாது. டிஎன்ஏயில் மெதைல் கூட்டங்கள் ஒட்டுவதும், ஹிஸ்டோன்களில் சிறு இரசாயன அடையாளங்கள் இடப்படுவதும் ஒரு பகுதியை இறுக்கவோ தளர்த்தவோ செய்கின்றன. டி-கலங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். முதிரும் காலத்தில் பெரும்பாலான டி-கலங்கள் சிடி4, சிடி8 என்னும் இரு வாங்கிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகின்றன. சிடி8 பக்கம் போகும் கலத்தில் ரன்க்ஸ்3 என்னும் காரணி சிடி4 அலகை அடக்குகிறது. அதன்பின் அந்த அலகு மூடப்பட்ட நிலையிலேயே நீடித்து, கலம் பிரியும்போது மகட்கலங்களுக்கும் அப்படியே போய்ச்சேர்கிறது.

வெட்டி ஒட்டப்படும் அலகுகள்

டி-கலத்தின் வாங்கியும் பி-கலத்தின் வாங்கியும் பிற எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டவை. இவற்றுக்கு முழுமையான பரம்பரை அலகு பிறப்பில் இல்லை. பல துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கலம் முதிரும்போது ராக் என்னும் நொதியத் தொகுதி டிஎன்ஏயை வெட்டி, சில துண்டுகளைத் தேர்ந்து ஒட்டுகிறது. ஒட்டும் முறை கலத்துக்குக் கலம் மாறுவதால் எண்ணற்ற வகை வாங்கிகள் உருவாகின்றன. பிறபொருளெதிரியின் அலகு இப்படி மறுசீரமைகிறது என்பதை 1976இல் சுசுமு தொனெகவா வெளிப்படுத்தினார். அதற்காக 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கலத்தில் இரு பெற்றோரிடமிருந்தும் வந்த இரண்டு படிகள் இருந்தாலும், பிறபொருளெதிரியைப் பொறுத்தவரை ஒன்று வெற்றிகரமாக ஒட்டப்பட்டவுடன் மற்றதில் மறுசீரமைப்பு நிறுத்தப்படுகிறது. ஆகவே ஒரு பி-கலம் ஒரே வகை வாங்கியைத்தான் தாங்குகிறது. ராக் அலகுகள் உரிய பருவத்தில் மட்டும் திறந்து, பின்னர் மூடப்படுகின்றன. டிஎன்ஏயை வெட்டும் நொதியம் தேவையற்ற வேளையில் செயற்பட்டால் கலம் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது.

தொற்று வரும்போது

அமைதியாக இருக்கும் கலம் சில மணித்தியாலங்களில் தன் வாங்கிகளை மாற்றிக்கொள்ள வல்லது. சிடி64 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிறபொருளெதிரியின் வால்பகுதியைப் பற்றும் எஃப்சி காமா வாங்கிகளுள் இது ஒன்று. ஒற்றைக்குழியங்களில் இது எப்போதும் உண்டு. அமைதியான நடுநிலைநாடியில் மிகக் குறைவு. தொற்று வந்ததும் டி-கலங்களும் இயற்கைக் கொல்லிக் கலங்களும் காமா இன்டர்பெரோன் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது நடுநிலைநாடியின் மேற்பரப்பில் ஒட்டியதும், உள்ளே ஸ்டாட்1 என்னும் காரணி செயலூக்கம் பெற்றுக் கருவுக்குள் புகுகிறது. சிடி64 அலகின் தொடக்கப் பகுதியில் அதற்கென ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஸ்டாட்1உம் பியூ.1உம் சேரும்போது பிரதியெடுப்பு விரைகிறது. சில மணித்தியாலங்களுக்குள் கலத்தின் மேற்பரப்பில் சிடி64 பெருகிவிடுகிறது. இதனால் நடுநிலைநாடியின் சிடி64 அளவைக் கடும் பக்டீரியாத் தொற்றின் அறிகுறியாகப் பயன்படுத்தும் முறை உருவாகியுள்ளது.

மற்றொரு முக்கியமான வழி, என்எஃப்-கப்பா-பி என்னும் காரணியின் வழி. 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர். அமைதியான கலத்தில் தடுப்புப் புரதம் ஒன்று இதைக் கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கிறது. டோல் வகை வாங்கி கிருமிப் பொருளைப் பற்றியதும் தடுப்புப் புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட காரணி சில நிமிடங்களிலேயே கருவுக்குள் சென்று, அழற்சிப் புரதங்கள், வாங்கிகள் எனப் பல அலகுகளைத் திறக்கிறது. அது திறக்கும் அலகுகளுள் அதே தடுப்புப் புரதத்தின் அலகும் ஒன்று. ஆகவே தூண்டலே தன் அடக்கத்தையும் கொண்டுவருகிறது.

பிரதியெடுத்த பின்னரும் தொடரும் கட்டுப்பாடு

மகாவலியின் நீர் எவ்வளவு சுரங்கவழியாக உக்குவளைக்குத் திருப்பப்படுகிறது என்பது கண்டிக்கு அருகே பொல்கொல்லை அணையில் முடிவாகிறது. ஆனால் மேலே கொத்மலையிலும் கீழே விக்டோரியாவிலும் மதகுகள் உண்டு. ஓரிடத்தில் திறந்த நீர் அடுத்த இடத்தில் தேங்கலாம். வாங்கியின் அளவும் இவ்வாறே பல இடங்களில் கட்டுப்படுகிறது. பிரதியெடுப்பு முதலாவது இடம் மட்டுமே.

அடுத்த இடம் தூதர் ஆர்என்ஏயின் சீராக்கம். பி-கலத்தின் மேற்பரப்பு வாங்கியும், அது பின்னர் குருதியில் சுரக்கும் ஐஜிஎம் பிறபொருளெதிரியும் ஒரே அலகிலிருந்து வருபவை. தூதர் ஆர்என்ஏ எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்து, மென்சவ்வில் பதியும் வால் கொண்ட வாங்கியோ, வெளியே விடப்படும் பிறபொருளெதிரியோ ஆக்கப்படுகிறது. டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளளவில் செய்யப்படும் ஐஜிஎம் பரிசோதனை தேடுவது இவ்வாறு சுரக்கப்பட்டதையே.

மூன்றாவது, நுண் ஆர்என்ஏக்கள் எனப்படும் மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டுகள். இவை தூதர் ஆர்என்ஏயில் ஒட்டி அதைச் சிதைக்கவோ, புரதமாக்கத்தை நிறுத்தவோ செய்கின்றன. மிர்-146ஏ என்பதை என்எஃப்-கப்பா-பியே தூண்டுகிறது. அது டோல் வகை வாங்கியின் செய்தியைக் கடத்தும் இரு புரதங்களைக் குறைக்கிறது. வாங்கி அப்படியே இருந்தாலும் அதன் குரல் தணிகிறது. இதை 2006இல் பால்டிமோரின் ஆய்வுக்குழு வெளியிட்டது.

நான்காவது, இடம். டோல் வகை வாங்கி 7 வைரசின் ஆர்என்ஏயை அறிவது. அது மேற்பரப்பில் அல்லாமல் கலத்தின் நுண்பைகளுக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையேல் உடலின் சொந்த ஆர்என்ஏயையும் எதிரியாகக் கருதிவிடும். அதை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கத் தனிப் புரதம் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது, அகற்றல். தூண்டப்பட்ட நடுநிலைநாடி தன் மேற்பரப்பிலுள்ள சிடி16 வாங்கிகளை நொதியத்தால் வெட்டி உதிர்த்துவிடுகிறது. பரம்பரை அலகு திறந்திருந்தாலும் மேற்பரப்பில் வாங்கி குறைந்துபோகும்.

டெங்கு வைரசு வாங்கிகளைப் பயன்படுத்தும் விதம்

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றவருக்கு அந்த வகைக்கு நீண்டகால எதிர்ப்பு கிடைக்கிறது. பிற வகைகளோடு அவருடைய பிறபொருளெதிரிகள் ஒட்டினாலும், அவற்றை எப்போதும் செயலிழக்கச் செய்ய முடிவதில்லை. இவ்வாறு அரைகுறையாக ஒட்டப்பட்ட வைரசை ஒற்றைக்குழியத்தின் எஃப்சி காமா வாங்கிகள் பற்றி உள்ளே இழுக்கின்றன. கிருமியை விழுங்கி அழிப்பதற்கான வாங்கியே வைரசுக்கு நுழைவழியாகிவிடுகிறது. டெங்கு வைரசு பெருகுவது முக்கியமாக ஒற்றைக்குழியங்களிலும் பெருந்தின்கலங்களிலும்தான். தாய்லாந்தில் பணிபுரிந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் இந்த விளக்கத்தை வளர்த்தெடுத்தவர். இரண்டாம் தொற்றுகளில் பெரும்பாலானவை கடுமையாவதில்லை. ஆயினும் கடும் டெங்குவுக்கான வாய்ப்பு இரண்டாம் தொற்றில் கூடுதலாகக் காணப்படுகிறது.

இங்கே வாங்கியின் எண்ணிக்கை நேரடியாகப் பொருள் பெறுகிறது. 1988இல் அமெரிக்காவில் கொன்ட்னி, குரானே, எனிஸ் ஆகியோர் மனித ஒற்றைக்குழிய வகைக் கலங்களுக்குக் காமா இன்டர்பெரோனைக் கொடுத்து, எஃப்சி காமா வாங்கிகளைக் கூட்டினர். பிறபொருளெதிரி உடனிருக்கையில் அந்தக் கலங்களில் டெங்குத் தொற்றும் கூடியது. பிற வேளைகளில் உடலைக் காக்கும் அதே இன்டர்பெரோன், அந்த ஆய்வுக்கலங்களில் வைரசுக்கு வழியை அகலமாக்கியது. இன்டர்லூக்கின்-10 என்னும் புரதமும் ஒற்றைக்குழியங்களில் சிடி64ஐக் கூட்டுகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மாலவிகேயின் ஆய்வுக்குழு, கடும் டெங்கு நோயாளரில் இன்டர்லூக்கின்-10 உயர்ந்து, டெங்குவுக்கு எதிரான டி-கலங்களின் செயலை அடக்குவதைக் காட்டியது.

பிறபொருளெதிரியின் அளவும் இதே பாடத்தைச் சொல்கிறது. நிக்கரகுவாவில் ஆயிரக்கணக்கான சிறுவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, பிறபொருளெதிரி மிகக் குறைவாகவோ மிகுதியாகவோ இருந்தோரைவிட, இடைப்பட்ட அளவில் இருந்தோருக்கே கடும் டெங்கு வரும் வாய்ப்பு கூடியது.

பரம்பரையாக வரும் சிறு வேறுபாடும் வாங்கியின் அளவை மாற்றக்கூடும். டிசி-சைன் என்னும் வாங்கி வைரசின் சர்க்கரைப் பகுதியைப் பற்றுவது. அதன் அலகின் தொடக்கப் பகுதியில், தொடக்கத்துக்கு 336 எழுத்துகள் முன்னே, சிலருக்கு ஏ என்ற எழுத்தும் சிலருக்கு ஜி என்ற எழுத்தும் இருக்கிறது. புரதத்தின் அமைப்பை இது மாற்றுவதில்லை. பிரதியெடுப்புக் காரணி ஒட்டும் இடத்தையே மாற்றுகிறது. 2005இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வில், ஜி எழுத்தைத் தாங்கியோர் சாதாரண டெங்குக் காய்ச்சல் நோயாளரில் 4.7 சதவீதம், குருதிப்பெருக்கு டெங்கு நோயாளரில் 22.4 சதவீதம், ஒப்பீட்டுக்கான பொதுமக்களில் 19.5 சதவீதம். 2011இல் தைவானில் வெளியான ஆய்வும் இந்த எழுத்தை டிசி-சைனின் அளவோடும் குருதிப்பெருக்கு டெங்குவோடும் தொடர்புபடுத்தியது. வாசிக்கும் இடத்தில் உள்ள ஓர் எழுத்தே நோயின் போக்கோடு இணைந்திருப்பதை இவை காட்டுகின்றன.

வைரசு சுரக்கும் என்எஸ்1 புரதம் மற்றொரு வழியில் செயற்படுகிறது. அது டோல் வகை வாங்கி 4ஐத் தூண்டுவதாக 2015இல் அறியப்பட்டது. பக்டீரியாவின் நஞ்சை அறிவதற்கான வாங்கி அது. அதன் தூண்டலால் அழற்சிப் புரதங்கள் பெருகி, குருதிக்குழாய்ச் சுவரின் இறுக்கம் குலைகிறது.

கலத்தின் நினைவு

முன்னைய அனுபவமும் வாங்கிகளின் வெளிப்பாட்டில் பதிகிறது. இலங்கையில் குழந்தை பிறந்ததும் காசநோய்க்கு எதிராகப் பிசிஜி தடுப்பூசி ஏற்றப்படுகிறது. நெதர்லாந்தில் வளர்ந்த தொண்டர்களுக்கு இதே தடுப்பூசியை ஏற்றிச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. மூன்று மாதங்களின் பின்னரும் அவர்களுடைய ஒற்றைக்குழியங்களில் டோல் வகை வாங்கி 4உம் சிடி11பி என்னும் வாங்கியும் கூடியிருந்தன. ஹிஸ்டோன்களிலும் திறந்த நிலைக்கான அடையாளங்கள் காணப்பட்டன. ஒற்றைக்குழியங்கள் குருதியில் சில நாள்களே வாழ்பவை என்பதால், இந்த மாற்றம் மச்சையிலுள்ள முன்னோடிக் கலங்களிலேயே பதிகிறது என விளக்கப்படுகிறது. மறுபுறம், பக்டீரியா நஞ்சுக்குத் தொடர்ந்து உட்பட்ட கலம் அழற்சி அலகுகளை மூடி, நஞ்சைப் பொறுத்துக்கொள்ளும் நிலைக்குப் போகிறது. கூர்மையாவதும் மழுங்குவதும் ஒரே வகை இரசாயன அடையாளங்களால் நிகழ்கின்றன.

அளவிடலும் சிகிச்சையும்

வாங்கிகளின் வெளிப்பாட்டை ஆய்வுகூடங்கள் இரு வழிகளில் அளக்கின்றன. தூதர் ஆர்என்ஏயைப் பெருக்கி அளப்பது ஒன்று. ஒளிரும் சாயம் சேர்த்த பிறபொருளெதிரிகளை வாங்கிகளில் ஒட்டவைத்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியினூடே செலுத்தி எண்ணுவது மற்றது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உதிர்த்தலும் இடமாற்றமும் இடையில் நிகழ்வதே காரணம். ஆர்என்ஏ கூடியது என்பதை மட்டும் கண்டு, வாங்கியும் கூடியது என முடிவுகட்ட முடியாது.

டெங்குச் சிகிச்சையில் வாங்கிகளை அளப்பது இன்னும் அன்றாட நடைமுறையாகவில்லை. காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் 24 முதல் 48 மணித்தியால அபாயக் கட்டத்தில், பிசிவியையும் சிறுதட்டுகளையும் கவனித்துத் திரவத்தை அளவோடு கொடுப்பதே உயிர்காக்கும் சிகிச்சை. ஸ்டீரொயிட்டு மருந்துகள் என்எஃப்-கப்பா-பியை அடக்குபவை. ஆயினும் டெங்குவில் அவை பயன் தருவதாக நிறுவப்படவில்லை. வாங்கிகள் எப்போது எந்த அளவில் இருக்கின்றன என்பதை அறியாமல் எல்லாவற்றையும் ஒருசேர அடக்குவது நோயாளிக்கு உதவும் என்று கொள்ள முடியாது.

இந்த அறிவின் நேரடிப் பயன் தடுப்பூசியில் தெரிந்தது. டெங்வக்சியா என்னும் முதல் டெங்குத் தடுப்பூசி, முன்பு டெங்கு வராதோருக்குப் பின்னர் கடும் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டியது 2017இல் தெரியவந்தது. தடுப்பூசியே முதல் தொற்றைப் போலச் செயற்பட்டது என்பது அதற்கு முன்வைக்கப்பட்ட விளக்கம். அதன்பின் உலக சுகாதார நிறுவனம், முன்பு டெங்கு வந்ததைப் பரிசோதனையில் உறுதிசெய்த பின்னரே அதை ஏற்றுமாறு பரிந்துரைத்தது. வாங்கியைக் கூட்டுவது எப்போதும் நன்மையன்று. குறைப்பதும் எப்போதும் நன்மையன்று. உரிய கலத்தில், உரிய வேளையில், உரிய அளவில் வாங்கி இருப்பதே உடலைக் காக்கிறது.